போர்டில் எழுதிய விதி, வாசலில் நிற்கும் விதி

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. அண்ணா நகரில் ஒரு மாடி அறை, ஐந்து பேர், எப்போதும் சூடாக இருக்கும் ஒரு யுபிஎஸ். அந்த வீதியில் லாரிச் சரக்கு விடிவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். பில்லும் அப்போதே ஓட ஆரம்பித்துவிடும். ஒரு நாள் காலையில் ஒரு அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, நாலரை மணிக்குப் போட்ட கடன் பில்லெல்லாம் நேத்துத் தேதியில விழுந்திருக்கு. என்னன்னு பாருங்க."

பார்த்தோம். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதனால் நம் ஊரில் காலை 5.30 ஆகும் வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். இது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. பில் தேதி வேண்டுமென்றால் பைத்தான் மொழியில் இப்போதைய நேரத்தைத் தரும் டேட்டைம் டாட் நௌவை நேரடியாகக் கூப்பிடக் கூடாது, 'கடை நேரம்' என்று நாங்களே எழுதி வைத்திருக்கும் ஃபங்ஷனைத்தான் கூப்பிட வேண்டும் என்பது குழுவின் பழைய வழக்கம். எங்களுக்குக் கோட், அதாவது ப்ரோக்ராம் வரிகள், எழுதித் தரும் ஏஐ உதவியாளர் படிப்பதற்காக வைத்திருக்கும் விதிமுறை ஃபைலிலும் அது இருந்தது, பக்கத்தில் 'கட்டாயம்' என்ற சொல்லோடு. இருந்தும் புதிதாக அது எழுதிக் கொடுத்த கடன் பில் பகுதியில் டேட்டைம் டாட் நௌ சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. அதை ரிவ்யூ செய்து சரிபார்த்தவன் நான். அன்றைக்கு மட்டும் 900 வரி மாற்றம். என் கண்ணிலும் படவில்லை. இதே பிழை ஏப்ரல் 1 விடியற்காலையில் நடந்திருந்தால் அந்த பில்கள் போன நிதியாண்டில் போய் விழுந்திருக்கும். ஆடிட்டரிடம் யார் பதில் சொல்வது?

விதியைப் படித்த பிறகும் ஏஐ ஏன் மீறுகிறது, மீறாமல் இருக்க விதியை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி வந்த தடை. வெறும் போர்டு மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாதிப் பேர் போர்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் பையில் போன் இருப்பதையே மறந்திருப்பார்கள். தடை நடப்பில் இருப்பதற்குக் காரணம் வாசலில் நடக்கும் சோதனை. போனை ஒப்படைக்க வெளியிலேயே இடமும் வைத்திருக்கிறார்கள். எங்கள் விதிமுறை ஃபைல் வெறும் போர்டு. வாசலில் யாரும் இல்லை. நான்தான் இருந்தேன், 900 வரியோடு கண் சொருகி.

ஏஐ 'மறந்துவிட்டது' என்று சொல்கிறோம். ஏஐக்குள் இருந்து கோட் எழுதும் மாடலுக்கு நம் ரெப்போவைப் பற்றி, அதாவது நம் கோட் முழுவதும் இருக்கும் களஞ்சியத்தைப் பற்றி, முன்னறிவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு புதிய உரையாடலிலும் அது முதல் நாள் வேலைக்கு வந்த ஆள்தான். அதற்கு முன்னால் ஒரு விதிமுறை ஃபைலை வைக்கிறோம். கிளாட் கோட் என்ற ஏஐ கருவிக்கு அதன் பெயர் கிளாட் டாட் எம்டி. கர்சர் என்ற கருவிக்கு அதற்கென்று ரூல்ஸ் ஃபைல்கள். 2025ல் பல கருவிகள் பொதுவாக ஏற்றுக்கொண்டது ஏஜென்ட்ஸ் டாட் எம்டி. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். மாடல் படிக்கும் நீண்ட உரையில் அது ஒரு பகுதி. அதில் எழுதியது ஒரு ப்ரோக்ராம் போல ஓடுவதில்லை. அடுத்து எந்தச் சொல் வரும் என்ற கணக்கில் தராசுத் தட்டில் போடும் ஒரு எடைக்கல், அவ்வளவுதான்.

மறுதட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும். மாடல் பழகியது உலகம் முழுவதும் பொதுவில் கிடக்கும் கோடில். அதில் தேதி வேண்டும் என்ற இடத்திலெல்லாம் டேட்டைம் டாட் நௌதான். எங்கள் 'கடை நேரம்' ஃபங்ஷன் உலகத்தில் எங்கள் ரெப்போவைத் தவிர வேறெங்கும் இல்லை. அப்புறம் உரையின் நீளம். 2023ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு, நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள தகவலை மாடல்கள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் உள்ளதைத் தவறவிடுகின்றன என்று காட்டியது. பிறகு வந்த மாடல்கள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் இரண்டு மணி நேரம் ஓடிய உரையாடலில் முதலில் சொன்ன விதியின் பிடி தளர்வதைத் தினமும் பார்க்கிறோம். உரை ரொம்ப நீண்டுவிட்டால் பழைய பகுதியைச் சுருக்கிக்கொண்டு மேலே போகும் கருவிகளும் உண்டு. அந்தச் சுருக்கத்தில் எது தங்கியது, எது உதிர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் விட எடை கூடியது பக்கத்துக் கோடு. எங்கள் பழைய ரிப்போர்ட் ஃபைல்களில், வழக்கம் வருவதற்கு முன்னால் எழுதியவற்றில், டேட்டைம் டாட் நௌ நிறையவே இருந்தது. ஏஐ புதிய பகுதியை எழுதுவதற்கு முன் அவற்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறது. ஃபைலில் 'செய்யாதே' என்று எழுதியிருக்கிறோம், கோடில் நாமே செய்து வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பையனாக இருந்தால் அவனும் கோடைத்தான் நம்புவான்.

கோடை இன்னொரு ப்ரோக்ராம் படித்துக் குறை சொல்வது புதிதல்ல. 1978ல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். லின்ட் என்றால் துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பிசிறு. ஹார்வி மில் இருந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தப் பெயர்தான் இன்றைக்கு லின்ட்டர் என்ற பொதுப்பெயராகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2013ல் ஈஎஸ்லின்ட் வந்தது, பைத்தானுக்கு 2022ல் ரஃப். கோடின் தோற்றத்தை மட்டும் சீராக்கும் ஃபார்மேட்டர்கள் தனி வரிசை: 2009ல் வெளியான கோ மொழியோடு வந்த கோஃபம்ட், 2017ல் பிரிட்டியர், 2018ல் பிளாக். டேப் வைப்பதா ஸ்பேஸ் வைப்பதா என்ற சண்டையை முடித்துவைத்த புண்ணியம் இவற்றுக்குத்தான்.

மனிதர்களுக்காக எழுதிய இந்தக் கருவிகளை ரொம்பக் கறாராக வைத்தால் மனிதர்களுக்கு எரிச்சல் வரும். எங்கள் அறையிலேயே ஒரு விதியை எதிர்த்து மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் உண்டு. ஏஐக்கு அந்த எரிச்சல் இல்லை. ஐம்பது முறை திருப்பி அனுப்பினாலும் ஐம்பத்தொன்றாவது முறை பணிவாகவே திருத்தும். அதனால் முன்பு 'இதற்கெல்லாமா விதி' என்று விட்டுவிட்டவற்றுக்கும் இப்போது விதி எழுதுவது கட்டுப்படியாகிறது. விதியை எழுதவும் ஏஐயே உதவும். இருபது வரி பைத்தான், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நாலு டெஸ்ட். டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

சரி, எங்கள் தேதி விதியை எப்படி வாசலில் நிறுத்தினோம் என்று சொல்கிறேன். முதல் முயற்சி தோற்றது. ரஃப்பில் தேதி தொடர்பான ஒரு விதித்தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. நேர மண்டலம் குறிப்பிடாமல் டேட்டைம் டாட் நௌவைக் கூப்பிட்டால் பிழை காட்டும். அதை இயக்கினோம். ஏஐ பிழையைப் பார்த்தது, உடனே திருத்தியது. எப்படி? நேர மண்டலம் என்ற இடத்தில் யூடிசி என்று போட்டது. விதி திருப்தி, தேதி பழையபடி நேற்று! அந்த விதி கேட்பது ஏதாவது ஒரு நேர மண்டலம் இருக்கிறதா என்று மட்டும்தான். கீழமாசி வீதியில் எத்தனை மணி என்று அதற்கு என்ன தெரியும்?

இரண்டாவது முயற்சியில் ரஃப்பிலேயே உள்ள 'பேன்ட் ஏபிஐ' வசதியைப் பயன்படுத்தினோம். இன்ன ஃபங்ஷனைக் கூப்பிடவே கூடாது என்று தடை போடலாம். தடையோடு நம் சொந்தச் செய்தியையும் எழுதி வைக்கலாம். ஈஎஸ்லின்ட்டிலும் இதே வேலைக்கு 'நோ ரெஸ்ட்ரிக்டட் இம்போர்ட்ஸ்', 'நோ ரெஸ்ட்ரிக்டட் சின்டாக்ஸ்' என்ற விதிகள் இருக்கின்றன. நாங்கள் எழுதிய செய்தி கிட்டத்தட்ட இப்படி: "இங்கே டேட்டைம் டாட் நௌ கூடாது. பில் தேதிக்கு 'கடை நேரம்' ஃபங்ஷனைக் கூப்பிடு; அது காமன் ஃபோல்டரில் நேரம் என்ற ஃபைலில் இருக்கிறது. காரணம்: சர்வர் யூடிசி, காலை 5.30க்கு முன் போடும் பில் முந்தைய நாளில் விழும்." அதற்குப் பிறகு ஏஐ சரியான ஃபங்ஷனைத் தேடித் தடுமாறவில்லை.

இந்தப் பிழைச் செய்தியில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். பொற்றாமரைக் குளத்துச் சங்கப்பலகை கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: தகுதியான நூலுக்கு இடம் கொடுக்கும், மற்றதைத் தள்ளிவிடும். தானாக இயங்கும் சோதனை என்றால் அதுதான். ஆனால் ஏன் தள்ளியது, எதைத் திருத்தினால் ஏற்கும் என்று பலகை வாய் திறக்காது. பல லின்ட்டர் செய்திகளும் அப்படித்தான். 'தடை செய்யப்பட்டது' என்பதோடு முடிந்துவிடும். அனுபவமுள்ள மனிதன் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்வான், ஏஐ ஊகிக்கும். ஊகம் பொதுக் கோடின் பக்கமே சாயும். விதிமுறை ஃபைலில் முந்நூறு வரிகளுக்கு நடுவே இருந்த அதே வாக்கியம், தப்பு செய்த அந்த நொடியில், தப்பு செய்த அந்த வரிக்கு நேராக வந்து நிற்கும்போது அதன் எடையே வேறு. செய்தியைத் தமிழிலேயே எழுதிப் பார்த்தோம், மாடலுக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் தமிழ் எழுத்துக்குப் பெரும்பாலான மாடல்களில் டோக்கன், அதாவது மாடல் உரையை வெட்டிப் படிக்கும் துண்டு, கூடுதலாகச் செலவாகும்; ஒவ்வொரு முறையும் காசு. மனமில்லாமல்தான் ஆங்கிலத்துக்கு மாற்றினோம்.

சோதனை எப்போது நடக்க வேண்டும் என்பதில் நாங்கள் நிறைய அடிபட்டோம். கிளாட் கோட் போன்ற கருவிகளில் 'ஹூக்' என்ற வசதி இருக்கிறது. ஏஐ ஒரு ஃபைலைத் திருத்துவதற்கு முன்போ, திருத்திய பின்போ, 'வேலை முடிந்தது' என்று நிறுத்தும்போதோ நம் ஸ்கிரிப்ட் ஒன்று தானாக ஓடும்படி செய்யலாம். அந்த ஸ்கிரிப்ட் முடியும்போது 2 என்ற எக்ஸிட் கோடை, அதாவது முடிவு எண்ணை, கொடுத்தால் அது சொன்ன பிழைச் செய்தி நேராக மாடலுக்குப் போகும். திருத்துவதற்கு முன் ஓடும் ஹூக் என்றால் அந்தச் செயலே தடைபடும். இதை ஓடவைப்பது கருவிதான், மாடல் இல்லை. ஓட்டாமல் விடுவது மாடலின் கையில் இல்லை.

ஆசை யாரை விட்டது? ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாம் ஓடட்டும் என்று வைத்தோம்: ஃபார்மேட்டர், லின்ட்டர், தானாகத் திருத்தும் வசதி, எல்லாமே. ஒரே நாளில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏஐ பெரும்பாலும் முதல் திருத்தத்தில் வேறு இடத்திலிருந்து கோடை வரவழைக்கும் ஒரு இம்போர்ட் வரியைச் சேர்க்கும், அடுத்த திருத்தத்தில்தான் அதைப் பயன்படுத்தும் கோடை எழுதும். இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஹூக் புகுந்து, 'பயன்படாத இம்போர்ட்' என்று அதை நீக்கிவிடும். அடுத்த திருத்தம் வரும்போது இம்போர்ட் இல்லை. ஏஐ மறுபடி சேர்க்கும், ஹூக் மறுபடி நீக்கும். சமையல்காரர் வெங்காயம் நறுக்க நறுக்க, உதவிக்கு வந்தவர் அதைக் குப்பையில் கொட்டுவதுபோல. ஃபார்மேட்டரும் இதே மாதிரி ஒரு தொல்லை கொடுக்கும்: மாடல் தான் எழுதியது எழுதியபடியே இருக்கும் என்று நம்பி, அந்த வரிகளைச் சரியாகக் குறிப்பிட்டு மாற்றப் பார்க்கும். இடையில் ஃபைல் மாறியிருந்தால் பொருந்தாது. மீண்டும் திறந்து படிக்க வேண்டும்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். திருத்தம் நடந்தவுடன் ஓடுவது எங்கள் சொந்தத் தடைகள் மட்டும். அவை ஃபைலை மாற்றாது, குறை மட்டும் சொல்லும். ஃபார்மேட்டரும் இம்போர்ட் சுத்தமும், மதிப்புகளின் வகை பொருந்துகிறதா என்று பார்க்கும் டைப் செக்கரும் டெஸ்ட்டும் ஏஐ 'முடிந்தது' என்று சொல்லும்போது ஓடும். ஏதாவது தோற்றால் அது முடிக்க முடியாது. அதற்கப்புறம் மாற்றத்தைக் கிட் என்ற பதிவுக் கருவியில் கமிட் செய்யும்போது ஒரு முறை, மாற்றம் வந்ததும் சர்வரில் தானாகச் சோதனை நடத்தும் சிஐயில் ஒரு முறை. ஒரே சோதனை மூன்று இடத்தில் எதற்கு என்றால், கமிட் சமயத்துக் கிட் ஹூக்கை 'நோ வெரிஃபை' என்ற ஒரே சொல்லால் தாண்டிவிடலாம். அவசரத்தில் மனிதர்கள் செய்வதைப் பார்த்துப் பழகிய மாடலும் சில சமயம் அதையே செய்யப் பார்க்கும். சிஐயில் அந்த வழி கிடையாது.

தாண்டுவது என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். லின்ட்டர்களில் 'இந்த வரியை மட்டும் விட்டுவிடு' என்று எழுத வசதி உண்டு. பைத்தானில் நோக்யூஏ, ஈஎஸ்லின்ட்டில் டிசேபிள். வேறு வழியே தெரியாதபோது ஏஐ அதை எழுதிவிட்டு 'எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன' என்று சமர்த்தாக அறிக்கை கொடுக்கும். பொய் இல்லைதான்! சில சமயம் விதியின் கட்டமைப்பு ஃபைலையே திறந்து விதியை நீக்கப் பார்க்கும். தோற்கும் டெஸ்ட்டின் எதிர்பார்ப்பை மாற்றப் பார்க்கும். காவலாளியை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை என்ற கணக்கு. அதனால் விதிகள் இருக்கும் ஃபைல்களில் ஏஐ கை வைக்கக் கூடாது என்று முன்-ஹூக்கில் தடை போட்டோம். விலக்குக் குறிப்புகளின் எண்ணிக்கையை சிஐ எண்ணுகிறது. ஒன்று கூடினால்கூட மனிதர் யாராவது காரணம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கிட்ஹப்பில் கோட்ஓனர்ஸ் ஃபைலில் அந்த ஃபைல்களுக்குப் பொறுப்பாளர் பெயரைப் போட்டு, அவர் ஒப்புதல் கட்டாயம் என்று பிரான்ச்சுக்கு, அதாவது கோடின் முதன்மைக் கிளைக்கு, பாதுகாப்பு வைத்தால் அவர் பார்க்காமல் மாற்றம் உள்ளே போகாது.

பழைய கோடை என்ன செய்வது? புதுத் தடையை இயக்கியதும் பழைய ஃபைல்களெல்லாம் சிவப்பாகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்துவது சின்னக் குழுவுக்கு ஆகாத காரியம். இன்றைக்கு இருக்கும் மீறல்களைப் பட்டியலாகப் பதிந்துகொண்டு, அவை மட்டும் இருக்கட்டும், புதிதாக ஒன்றும் சேரக் கூடாது என்று வைப்பது நடைமுறை வழி. ஈஎஸ்லின்ட் 2025ல் இதற்கென்றே ஒரு வசதியைச் சேர்த்தது. எங்கள் பைத்தான் பக்கம் நாங்களே ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் சமாளிக்கிறோம். ஆனால் பக்கத்துக் கோடின் எடையைப் பற்றி முன்பு சொன்னது இங்கே பொருந்தும்: பட்டியலில் தூங்கும் பழைய மீறல்கள் ஏஐக்கு உதாரணமாகவே இருந்துகொண்டிருக்கும். அதனால் பணமும் தேதியும் தொடும் ஃபைல்களை மட்டும் முதலில் முழுதாகத் திருத்திவிட்டோம்.

பணத்துக்கும் ஒரு காவல் போட்டோம், அது லின்ட்டர் வழியில் இல்லை. பைத்தானிடம் 2.675ஐ இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்யச் சொன்னால் 2.67 என்கிறது; கடைக்காரர் 2.68 என்பார். அந்த எண்ணை ஃப்ளோட் என்ற தசம எண் வகையாகச் சேமிக்கும்போதே அது 2.675ஐவிட ஒரு துளி குறைவாகத்தான் பதிவாகிறது. ஆகவே பணம் எப்போதும் பைசாவில், முழு எண்ணில். இதை டைப்பாகவே வைத்துவிட்டோம்: பைசா என்று ஒரு தனி டைப், ஃப்ளோட்டை அதில் போட்டால் மைபை என்ற டைப் செக்கர் பிழை காட்டும். தனி விதி எழுத வேண்டிய தேவையே இல்லாமல் கோடின் அமைப்பே தடுக்கிறது என்றால் அதற்குத்தான் என் முதல் ஓட்டு.

எதற்கெடுத்தாலும் விதி என்று போனால் வேறு வகையில் அடி விழும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் விளக்கக் குறிப்பு கட்டாயம் என்று ஒரு முறை வைத்தோம். 'மொத்தம் கணக்கிடு' என்ற ஃபங்ஷனுக்கு மேலே 'இது மொத்தத்தைக் கணக்கிடும்' என்று ஏஐ எழுதி வைத்தது. ஒரு ஃபைல் 500 வரியைத் தாண்டக் கூடாது என்றதற்கு, ஃபைலை நடுவில் வெட்டி 'பகுதி 1', 'பகுதி 2' என்று பெயரிட்டுக் கொடுத்தது. விதியின் எழுத்தை நிறைவேற்றுவதில் ஏஐயை மிஞ்ச ஆளில்லை. உண்மையில் ஒரு முறையாவது எங்களைக் கடித்த பிழைக்கு மட்டும்தான் விதி என்று இப்போது வைத்திருக்கிறோம். இன்னொரு ஏஐயை ரிவ்யூவுக்கு வைப்பதும் இன்று பரவலாகிவிட்டது. அதன் கருத்து உதவியாகவே இருக்கிறது. ஆனால் அதுவும் போர்டைப் படித்துவிட்டு வரும் ஆள்தான், இன்றைக்குப் பிடித்ததை நாளைக்கு விட்டுவிடலாம். ஆலோசனைக்கு வைத்துக்கொள்கிறோம், வாசலில் நிறுத்துவதில்லை.

காவல் போட்டவற்றை விதிமுறை ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். முந்நூறு வரி நாற்பதாகிவிட்டது. மிச்சம் இருப்பவை எந்த லின்ட்டராலும் பார்க்க முடியாதவை. உதாரணத்துக்கு அரிசி மூட்டை. பொதியிட்டு லேபிள் ஒட்டிய அரிசியில் 25 கிலோ வரையான பைக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. அதனால் ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. பழைய 25 கிலோ பையும் சந்தையில் இருக்கிறது, சீனி மூட்டை 50 கிலோ. போன வாரம் ஸ்டாக் கணக்குப் பகுதியில் மூட்டைக்கு 25 என்று ஏஐ அழகாக எழுதியிருந்தது. எல்லாச் சோதனையும் பச்சை. ரிவ்யூவில் எனக்கு அன்று தேதியையும் பைசாவையும் தேட வேண்டிய வேலை இல்லாததால் அந்த 25 கண்ணில் பட்டது.